ஷாப்டில் ஏறிய நீலம்

ஓசூர்,
6-3-1958

மச்சான் முனிசாமி அவர்களுக்கு, நாராயணப்பன் எழுதுவது.

இங்கே எல்லாரும் நலம் என்று எழுதலாம் என்றால், எல்லாரும் என்று சொல்ல இங்கே ஆளில்லை. நான் ஒருவன்தான். நானும் நலமில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, வெட்கம்தான். உங்கள் ஷாப்டைச் சுட்டுவிட்டேன்.

அடுப்பில் வைத்துச் சுடவில்லை. சாணை பிடிக்கிற மிஷினில், இருபது வருஷம் இதே வேலை பார்த்த கையால், எல்லாரும் பார்க்கிற பட்டப்பகலில் சுட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வருஷமாக எனக்கும் உங்களுக்கும் பேச்சு இல்லை. திடீரென்று ஒரு நாள் லாரிக்காரன் ஒரு சாக்கு மூட்டையை இறக்கினான். உள்ளே உங்கள் கிணற்று இஞ்சினுக்குள் சுழல்கிற தண்டு, அந்த ஷாப்ட். கூடவே ஒரு துண்டுக் காகிதம்: 'தேய்மானம். சாணை பிடித்து அனுப்பவும். முனிசாமி, மத்தூர்.' அதில் படிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் நான் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, டீ குடிக்கும்போதெல்லாம் எடுத்துப் படித்தேன். கிருஷ்ணகிரியிலேயே பட்டறை இருக்கும்போது ஓசூர் வரை அனுப்பியிருக்கிறாரே, நம் கைமேல் மச்சானுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது என்று முதலாளி கெம்பண்ணாவிடம் பீற்றிக்கொண்டேன். அந்த மதிப்புக்குத்தான் இப்போது நெருப்பு வைத்தாயிற்று.

உங்களுடையது சீமை ஷாப்ட். சீக்கிரம் தேயாமல் இருக்க, தேய்கிற இடங்களை மட்டும் பழுக்கக் காய்ச்சித் தண்ணீர் காட்டி இறுக்கியிருக்கிறான். அந்தத் தோல்தான் அதற்கு உயிர். சாணைக்கல் அதன்மேல் ஓடும்போது சூடு ஏறும். ஏறவிட்டால் இறுகின தோல் இளகிப் போகும். அதனால் எண்ணெய் கலந்த தண்ணீரைக் கல்லும் இரும்பும் தொடுகிற இடத்தில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பார்க்க மோர் மாதிரி இருக்கும். அதை ஊற்றுகிற பம்பு ஒன்று எங்கள் மிஷினில் இருக்கிறது. அது போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது.

கடைசி இழுப்பு ஓடிக்கொண்டிருந்தது. அப்போது உங்கள் ஊர் மாட்டுத் தரகர் ராமப்பன் சந்தைக்கு வந்தவர் வாசலில் நின்று ஏதோ கத்தினார்.

"என்னாங்க?" என்றேன்.

"மச்சான் ஊட்டுக் கல்யாணத்துக்கு எப்பப் பொறப்படறேன்னு கேட்டேன்."

'கல்யாணம்' மட்டும் காதில் விழுந்தது. யாருக்கு என்று விழவில்லை, மற்றதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. குழாயை மூடினேன். பம்பை நிறுத்தினேன். கல்லை மட்டும் நிறுத்தவில்லை.

"யாருக்குங்க கல்யாணம்?"

"ஏன், உன் மச்சான் மக முனிலட்சுமிக்குத்தான். மாப்பிள்ளை பர்கூர்ப் பக்கம். வைகாசில முகூர்த்தம். உனக்குச் சொல்லலியா?"

"சொல்லாம இருப்பாங்களா?" என்றேன்.

அதற்குமேல் அவர் மாப்பிள்ளை வீட்டாரின் மாடு, நிலம், மாமியாரின் வாய் எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னார். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். மூக்குக்குத்தான் முதலில் தெரிந்தது. திரும்பினால் ஷாப்டின் மேல் சூட்டில் நீலம் ஏறியிருக்கிறது. பதறிப்போய்க் குழாயைத் திறந்தேன். சுர்ரென்றது. அது இரண்டாவது தப்பு. காய்ந்த இரும்பில் திடீரென்று தண்ணீர் பட்டால் மேல்தோல் நுணுக்கமாக வெடிக்கும். புது ஆளுக்கு நான் சொல்லித் தருகிற முதல் பாடம் அது.

பங்குனி வெயில் வரப்போகிறது. இறைக்க இஞ்சின் இல்லாமல் பயிர் காய்ந்தால் அந்தப் பாவம் எனக்குத்தான். என்ன செய்யட்டும் என்று எழுதுங்கள்.

முனிலட்சுமி எட்டாவது முடிக்கிற வரை எங்கள் வீட்டில் இருந்துதான் படித்தாள். நஞ்சம்மாவுக்கும் எனக்கும் பிள்ளை என்றால் அவள்தான். இதை உங்களுக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. பத்திரிகை கேட்டு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஷாப்டைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
நாராயணப்பன்


மத்தூர்,
13-3-1958

திரு. நாராயணப்பன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நான்கு பக்கம். ஷாப்டைச் சரி செய்ய முடியுமா என்பது மட்டும் அதில் இல்லை.

அவசரம் ஒன்றும் இல்லை. நிதானமாகச் செய்யவும். என்ன செய்கிறீர்கள் என்று அவ்வப்போது விபரம் எழுதவும்.

வாயால் வேலை கெட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். தங்களுக்கு அது புதிதல்ல. என் தங்கையின் கருமாதிப் பந்தியில் யாரோ ஒரு அம்மாள், "நஞ்சம்மா கடைசியா என்ன சொல்லிச்சு?" என்று கேட்டாள். தாங்கள் சொன்ன பதிலுக்குப் பந்தியே சிரித்தது. நான் குழம்பு வாளியோடு நின்றிருந்தேன். என் வாசலில் இனிக் கால் வைக்க வேண்டாம் என்று அன்றைக்குச் சொன்னது கோபத்தில் சொன்னதல்ல.

முனிசாமி


ஓசூர்,
18-3-1958

மச்சான் அவர்களுக்கு,

'அவசரம் இல்லை' என்று எழுதியதைப் பார்த்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்கள் திட்டினால் கோபம் என்று தெரியும். அவசரம் இல்லை என்றால் என்னைக் கைகழுவிவிட்டீர்கள் என்று அர்த்தம். பயிர் போனாலும் போகட்டும், இவனைக் கெஞ்சமாட்டேன் என்கிற ஆள் நீங்கள்.

விபரம் கேட்டீர்கள். சொல்கிறேன்.

ஷாப்டைப் பார்த்ததும் கெம்பண்ணா உப்புத்தாளை எடுத்துக்கொண்டு வந்தார். இழைத்தார். நீலம் போய்விட்டது. கண்ணாடி மாதிரி மின்னுகிறது. "பண்ண ஹோய்த்து, கெலச முகீத்து" என்றார். நிறம் போனால் வேலை தீர்ந்தது என்பது அவர் கட்சி. அவரையும் குற்றம் சொல்ல முடியாது. பெங்களூர் லாரிக்காரர்கள் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு ஆரனை அடித்துக்கொண்டிருந்தால் மனுஷன் என்ன செய்வார்?

"நிறம் மேலே இருக்குது, சூடு உள்ளே போயிருக்குதுங்க" என்றேன்.

"உள்ளே போனதை நீ எங்கே பாத்தே?"

"பாத்துக் காட்டறேன்."

கடைவீதியில் எனக்குப் பழக்கமான ஆசாரியிடம் போய், தங்கம் உரைக்கிற திராவகம் கொஞ்சம் வாங்கி, நன்றாகத் தண்ணீர்விட்டு இளக்கி, பஞ்சில் தொட்டுத் தடவினேன். நல்ல இடமெல்லாம் ஒரே சாம்பல் நிறமாக நின்றது. நடுவில் மட்டும் என் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு தேமல். அந்த இடம் இளகிப்போயிற்று. அதை அப்படியே மாட்டினால் கொஞ்ச நாள் நன்றாக ஓடும். பிறகு அந்த இடம் மட்டும் குழிந்து பேரிங்கைத் தின்னும். அப்புறம் ஒரு நாள் கிணற்றடியில் படாரென்று நிற்கும். கெம்பண்ணா தேமலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உப்புத்தாளை மடித்துக் காதில் பீடி மாதிரி செருகிக்கொண்டு போனார்.

ஆகவே அடுத்த அளவுக்கு இன்னும் இறக்க வேண்டும். தோலின் கனம் அதற்கு இடம் கொடுக்கும் என்று நினைக்கிறேன். கொடுக்காவிட்டால் ஷாப்ட் கடாசத்தான். ஒரு தடவை இறக்கிப் பார்த்தேன். திராவகம் தடவினால் தேமல் வெளுத்திருக்கிறது, போகவில்லை. மறுபடி இறக்குகிறேன்.

கருமாதிப் பந்தியைப் பற்றி எழுதினீர்கள். இந்த வரிக்கு வருவதற்குள் இரண்டு காகிதம் கிழித்தேன்.

நான் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 'அடுப்புல பால் இருக்குது, பாத்துக்கோன்னு சொன்னா. நான் பாக்கலை. பொங்கிப் போச்சு' என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். என் முகம் அப்படி, நான் பஞ்சாங்கம் படித்தாலும் சிரிப்பார்கள். ஆனால் மச்சான், அது தமாஷ் இல்லை. அவள் அதைத்தான் சொன்னாள். கயிற்றுக்கட்டிலில் படுத்துக்கொண்டே, கண்ணைத் திறக்காமல் சொன்னாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நான் எழுந்து போய்ப் பாலைப் பார்த்திருந்தால் அவளை விட்டுவிட்டுப் போயிருப்பேன். போகவில்லை. பால் பொங்கி அடுப்பு அணைந்தது. அவ்வளவுதான். கேட்டார்கள், உள்ளதைச் சொன்னேன். உள்ளதை அழுதுகொண்டு சொல்லத் தெரியாத ஜென்மம் நான்.

நாராயணப்பன்


மத்தூர்,
26-3-1958

திரு. நாராயணப்பன் அவர்களுக்கு,

பால் விஷயம் நிஜம் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கே என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம்.

திராவகம் தடவினால் இளகின இடம் தெரியும் என்கிறீர்கள். சரி. வெடிப்பு இருந்தால் எப்படித் தெரியும்? மயிரிழை வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது என்று முன்பு ஒருமுறை தாங்களே சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு என்ன வழி? விளக்கமாக எழுதவும்.

ராமப்பனிடம் கேட்டேன். பேசிக்கொண்டிருந்ததை ஒப்புக்கொண்டான். என் வீட்டுப் பெண்ணின் கல்யாணத்தை மாட்டுத் தரகன் வாயால் தெரிந்துகொள்ள வேண்டி வந்தது தங்களுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். ஆனால் கல்யாணம் என்பது நான் ஒருவன் முடிவு செய்வதல்ல. பங்காளிகள் இருக்கிறார்கள். அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். 'அந்த ஆள் வந்தால் நாங்கள் வரவில்லை' என்று மூத்த பங்காளி கோவிந்தப்பன் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். பெண்ணுக்குத் தாலி எடுத்துக் கொடுக்க வேண்டியவர் அவர்.

அதனால் அதைப் பற்றி எழுத வேண்டாம். ஷாப்டைப் பற்றி எழுதவும்.

முனிசாமி


ஓசூர்,
4-4-1958

மச்சான் அவர்களுக்கு,

எழுதவில்லை. ஷாப்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இந்தத் தடவை எடுத்த எடுப்பில் கல்லில்தான் கைவைத்தேன். கல்லின் பல் மழுங்கி, இரும்புத்தூள் அடைத்துப் பளபளவென்று இருந்தால் அது வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு. ஆகவே வைர முனையை வைத்துக் கல்லைச் சீவி, புதுப் பல் எடுத்தேன். கெம்பண்ணாவுக்கு அது பிடிக்கவில்லை. கல் கரைவது அவருக்குத் தன் உடம்பில் சதை குறைகிற மாதிரி. பிறகு தண்ணீர்த் தொட்டியைக் கழுவிப் புதிதாகக் கலந்தேன். கல் ஷாப்டைத் தொடும் முன்னே தண்ணீர் ஓட வேண்டும், கல்லை விலக்கி நிறுத்தின பிறகுதான் தண்ணீர் நிற்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக, பேராசைப்படாமல் இறக்க வேண்டும். கடைசியில் அழுத்தாமல், தீப்பொறி தானாக அடங்குகிற வரை சும்மா ஓடவிட வேண்டும். அவ்வளவுதான் வித்தை. இதைப் பெரிய ரகசியம் என்று இத்தனை வருஷம் புருவத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

வாசலில் யார் வந்து நின்றாலும் திரும்பக்கூடாது என்று வைராக்கியம். அதற்காகத் தலையில் துண்டைச் சுற்றிக் காதை அடைத்துக்கொண்டேன். டீக்கடை சென்னம்மா டம்ளரை வைத்துவிட்டு என்னவோ சொன்னாள். தலையாட்டினேன். அப்புறம்தான் தெரிந்தது, "பழைய பாக்கியை இன்னிக்குத் தரியா?" என்று கேட்டிருக்கிறாள். நான் ஆமாம் என்றிருக்கிறேன். இரண்டு நாளில் என்னிடம் பேச வருவதை எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். பட்டறையில் பம்பு சத்தம் மட்டும்தான். வீட்டில் அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை என்று தெரிந்தும் பட்டறைக்குப் போய், பம்பை ஓடவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கெம்பண்ணா வந்து பார்த்து, கரண்டு வீணாகிறது என்று அணைத்துவிட்டுப் போனார்.

வெடிப்புக்கு வழி கேட்டீர்கள். ஷாப்டை மண்ணெண்ணெயில் ஊறவைக்க வேண்டும். எடுத்து ஈரம் போகத் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புப் பொடியை மேலே பூச வேண்டும். வெடிப்பு இருந்தால் உள்ளே ஒளிந்திருக்கிற மண்ணெண்ணெய் கசிந்து சுண்ணாம்பில் கோடு போடும். முதல் தடவை சிலந்தி வலை மாதிரி வந்தது. இறக்கினேன். அப்புறம் ஒரே ஒரு கோடு. மறுபடி இறக்கினேன். நேற்றுப் பூசிவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டேன். வெள்ளையாகவே இருந்தது. சாயங்காலம் வரை பார்த்தேன். வெள்ளைதான். திராவகத்திலும் தேமல் இல்லை.

இன்று காலை கிருஷ்ணகிரி லாரியில் ஏற்றிவிட்டேன். அளவு இறங்கியிருப்பதால் அதற்குத் தக்க பேரிங்கும் சாக்கில் வைத்திருக்கிறேன். கூலி என்று ஒன்றும் அனுப்ப வேண்டாம், சுட்டவனுக்குக் கூலி கிடையாது. மாட்டி இஞ்சின் ஓடியதும் ஒரு வரி எழுதுங்கள். அது போதும்.

கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன். உங்களுக்குச் சங்கடம் வேண்டாம். யாராவது கேட்டால் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடுங்கள். கோவிந்தப்பன் அண்ணாருக்கு என் கும்பிடு.

நாராயணப்பன்


ஓசூர்,
25-4-1958

மச்சான் அவர்களுக்கு,

பதில் இல்லை.

லாரிக்காரனைக் கேட்டேன். மத்தூரில் உங்கள் கையிலேயே கொடுத்ததாகச் சொல்கிறான். அப்படியென்றால் மாட்டியிருப்பீர்கள். மாட்டி ஓடியிருந்தால் எழுதியிருப்பீர்கள். எழுதவில்லை என்றால் ஓடவில்லை. ஷாப்ட் உடைந்துவிட்டதா? உடைந்திருந்தால் பக்கத்தில் யாராவது இருந்தார்களா? யாருக்கும் அடிபட்டிருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

சித்திரை வெயில் இங்கேயே இப்படி அடிக்கிறது. அங்கே நெல்லுக்கு என்ன கதியோ. நான் பார்க்காமல் விட்ட ஏதாவது ஒரு இடம் இருந்திருக்கும். கனவில் சுண்ணாம்பில் கோடு வருகிறது.

ராமப்பன் வந்தார். பட்டறைக்குள் வராமல் வெளியிலிருந்தே கையைக் காட்டிவிட்டுப் போனார். நான் பம்பை நிறுத்தவில்லை. என்ன என்று கேட்டிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

நாளைக்கு வேண்டுமானாலும் புறப்பட்டு வருகிறேன். வாசலில் கால் வைக்கமாட்டேன். நேரே கிணற்றடிக்குப் போய், இஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிடுகிறேன். ஒரு கார்டு போடுங்கள்.

நாராயணப்பன்


மத்தூர்,
1-5-1958

மாப்பிள்ளைக்கு,

யாருக்கும் அடிபடவில்லை. ஷாப்ட் பத்திரமாக வந்தது. நல்ல வேலை. என் கைவிரலை வைத்துத் தடவிப் பார்த்தேன், ஒரு குறை இல்லை.

பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் உண்டு. உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு கோவிந்தப்பன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவருக்குக் கண் சரியில்லை. முனிலட்சுமியைப் படிக்கச் சொன்னேன். அவள் பால் விஷயம் வரை படித்தாள். அதற்கு மேல் படிக்க முடியவில்லை. அண்ணன் வெற்றிலையைத் துப்பினார்.

பிறகு, "அந்த ஆளு சொன்னா எதுதான் நெசம், எதுதான் வெளையாட்டுன்னு யாருக்கு வெளங்குது?" என்றார்.

எங்களோடு வந்திருந்த சரோஜம்மாள் உள்ளேயிருந்து, "அவரு சொல்றதெல்லாம் நெசந்தாங்க. நாமதான் சிரிச்சுத் தொலைச்சோம்" என்றாள்.

அவள் எனக்குப் பெண்டாட்டியாக வந்து இத்தனை வருஷத்தில் அண்ணன் எதிரே குரல் எடுத்தது அன்றைக்குத்தான். அண்ணன் மறுநாள் ஆள் அனுப்பி, பத்திரிகையில் அத்தை வீட்டார் என்று உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அச்சாபீஸில் சொல்லிப் போடச் சொன்னார். அதற்கு இரண்டு நடை கிருஷ்ணகிரிக்குப் போய் வர வேண்டியிருந்தது. பத்திரிகை இத்துடன் இருக்கிறது.

காய்ச்சல் கதை எல்லாம் வேண்டாம். முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிடுங்கள். அத்தை செய்ய வேண்டியதை நீங்கள்தான் செய்ய வேண்டும் என்று முனிலட்சுமி சொல்லிவிட்டாள். பந்தியில் எது வேண்டுமானாலும் பேசுங்கள். நான் குழம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறேன்.

பயிர் நன்றாக இருக்கிறது. நீங்கள் வந்தால் விடியற்காலையில் கிணற்றடிக்குத்தான் போவீர்கள், தெரியும். அங்கே கொட்டகைச் சுவரில் ஒரு இரும்புப் பெட்டி இருக்கிறது. ஈரக்கையால் தொட்டுவிடாதீர்கள். கரண்டு. போன ஐப்பசியிலேயே இஞ்சினை எடுத்துவிட்டு மோட்டார் வைத்தாயிற்று.

முனிசாமி